அஞ்சாந்தேதி போற ஆயிரத்தைநூறு

அந்தப் பைய மேல தூக்கிப் போட்டுறாத தாயி. உள்ள பூராம் கண்ணாடி வளையலு. ரெண்டு பேரு காலுக்கும் ஊடால இருக்கட்டும். நீ எங்க போற? திருநவேலியா? நானும் அங்கதான். சன்னலோரம் நான் உக்காந்துக்கிடுறேன், எனக்குக் காத்து இல்லன்னா குமட்டும்.

நாளைக்கு எம்மகளுக்கு வளகாப்பு. ஏழாம் மாசம். எனக்கு ஒரே மக, இந்துமதின்னு பேரு. நியாயமாப் பாத்தா சாத்தூருல இருந்து வேன் பிடிச்சு, சொந்தக்காரங்க பூராத்தையும் ஏத்திக்கிட்டு, சீர்த்தட்டு எடுத்துக்கிட்டு, சிரிப்பும் கூத்துமாப் போகணும். நான் ஒத்தையில கவருமெண்டு பஸ்ல போறேன். ஏன்னு நீ கேக்கல. கேக்கமாட்ட, படிச்ச பிள்ள மாதிரி இருக்க. நானாத்தான் சொல்லணும்.

சண்டைன்னு சொல்ல முடியாது. நான் யாருகிட்டயும் சண்ட போடுற ஆளு இல்ல. பேங்குல என் கணக்குல இருந்து மாசாமாசம் பணம் போச்சு. அதுதான் விசயம். யாரு எடுத்தாங்கிறதும் எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு வரைக்கும் நான் பேரச் சொன்னதில்ல. மாப்பிள்ள பேர யாராச்சும் வாய்விட்டுச் சொல்லுவாகளா?

மாப்பிள்ள பேரு கோமதிநாயகம். திருநவேலியில பைக் கம்பெனி ஒண்ணுல கணக்கு எழுதுறாக. எம்மக ஆசுபத்திரி லேப்ல இருக்கா, ரத்தம் எடுக்குற வேல. போன வைகாசியில கல்யாணம் முடிச்சேன். பாக்க நல்ல பையன் மாதிரித்தான் தெரிஞ்சாக. அதிர்ந்து பேசமாட்டாக. அதுலயே எனக்கு ஒரு சந்தேகம்தான். சத்தம் போடுற ஆம்பளைய நம்பலாம், சத்தமே இல்லாதவன எப்பிடி நம்புறது? எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்தாரு, பேசுனா அடுத்த தெருவுக்குக் கேக்கும். ஒரு பைசா எங்கிட்ட மறச்சதில்ல. இந்து பத்தாவது படிக்கையில போயிட்டாரு.

கல்யாணம் முடிஞ்சு மறுமாசம் ரெண்டு பேரும் வந்தாக. மாப்பிள்ள கையில ஒரு போன் டப்பா. "அத்த, ஒங்க போன் பழசாயிருச்சு, இத வச்சுக்கோங்க"ன்னாக. நான் வேண்டாம்னேன். மக வீட்டுப் பொருள் எனக்கு எதுக்கு? இந்து ஒரே அழுக. சரி, போன்தானன்னு வாங்கி வச்சேன். அதுக்கும் துட்டு குடுத்துட்டேன், அடுத்த ஆடிச்சீருல வச்சு அனுப்பிட்டேன். யாரு கடனும் எனக்கு ஆகாது.

அன்னைக்கு மாப்பிள்ள அந்தப் போன வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நோண்டிக்கிட்டு இருந்தாக. என் ஆதாரு கேட்டாக. பான் கார்டு கேட்டாக. "அத்த, இந்த வட்டத்துக்குள்ள மூஞ்சியக் காட்டுங்க, கண்ணச் சிமிட்டுங்க, தலைய இந்தப் பக்கம் திருப்புங்க"ன்னாக. எல்லாம் செஞ்சேன். நம்பரு வந்துச்சு, வாசிக்கச் சொன்னாக, வாசிச்சேன். ஒருதடவ இல்ல, அஞ்சாறு தடவ. புதுப்போன்னா இம்புட்டு இருக்கும்போலன்னு நான் நெனச்சேன். இந்து பக்கத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டே இருந்தா. என்னத்துக்குட்டி சிரிக்கன்னேன். ஒண்ணுமில்லம்மான்னா.

அன்னைக்குச் சாயந்தரம் பொறப்படும்போது இந்து எங்கையப் பிடிச்சு எதையோ திணிச்சா. பாத்தா ரூவாநோட்டு. "அம்மா, மாசாமாசம் செலவுக்கு வச்சுக்கோம்மா, பென்சன்ல என்ன வருது ஒனக்கு"ன்னா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். அவ பையிலயே திரும்பப் போட்டேன். எங்க வகையறாவுல பொண்ணக் குடுத்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கமாட்டோம். பேரனோ பேத்தியோ பொறக்குற வரைக்கும் அங்க கை நனைக்கிறதில்ல. சாப்பிட்டுப் போங்கன்னு எத்தன தடவ சம்பந்திக்காரி சொன்னாலும், இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்னு சொல்லிருவேன். பசியில கண்ணு இருட்டுனாலும் சொல்லிருவேன். அப்பேர்ப்பட்டவ துட்டு வாங்குவேனா? மாப்பிள்ள முன்னாலயே சொன்னேன், "ஏட்டி, ஒன்ன வித்துத் திங்கிறதுக்கா கட்டிக் குடுத்தேன்"னு. அவுக செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தாக.

சரி, பேங்குக் கதைக்கு வாரேன்.

நான் சத்துணவுல அமைப்பாளரா இருந்து ரிட்டையர் ஆனவ. சத்துணவுல கணக்குன்னா என்னன்னு ஒனக்குத் தெரியாது, சொல்லுறேன் கேளு. அரிசி, பருப்பு, முட்ட எல்லாம் லாரில வரும். வந்தா கையெழுத்துப் போட்டு எறக்கிக்கிடணும். வாரதுல நமக்கு ஒரு பேச்சும் கெடயாது. எடைய ஏன் கொறச்சன்னு கேட்டா அடுத்த மாசம் லாரி வராது. அதனால வரவ யாரும் பாக்கமாட்டோம். மாட்டுறது பூராம் செலவுலதான். எத்தன பிள்ளைக சாப்பிட்டுச்சு, எத்தன முட்ட போச்சு, ஒரு முட்ட ஒடஞ்சா அதுக்கு என்ன காரணம். ஆபீசரு வந்தாலும் அந்தப் பக்கத்த மட்டும்தான் புரட்டுவாரு. நான் வேலபாத்த காலம் பூராம் செலவுல ஒரு எழுத்துத் தப்பினதில்ல. பேங்கு புத்தகத்தையும் அப்பிடித்தான் பாப்பேன். போனது எம்புட்டு, ஏன் போச்சு. வரவு என்னத்துக்குப் பாக்கணும்? வந்தது வந்ததுதான்.

ஆனா நான் புத்தகம் பதியப் போறதே எப்பவாச்சும்தான். பென்சன் வந்த அன்னைக்கே போயி, கணக்குல இருக்கணும்னு சொன்னத மட்டும் விட்டுட்டு மிச்சத்த எடுத்துட்டு வந்துருவேன். பணம் பேங்குல இருந்தா எனக்குத் தூக்கம் வராது. தீவாளிக்குக் கொஞ்சம் முந்தி போன்ல ஒரு மெசேஜு வந்துச்சு. எரநூத்திச் சொச்சம் பேங்குல பிடிச்சுருக்கான், பணம் இல்லாததுக்கு அபராதமாம். நானா பணம் இல்லாத ஆளு? நேரா பேங்குக்குப் போனேன்.

கவுண்டருல ஒரு பொண்ணு. சின்ன வயசு, பொறுமையான பொண்ணு. கம்ப்யூட்டரப் பாத்துட்டுச் சொல்லுச்சு. "சீனியம்மா, ஒங்க போன்ல இருக்குற முதலீட்டு ஆப் மூலமா மாசம் அஞ்சாந்தேதி ஆயிரத்தைநூறு ரூவா மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகுது. எடுத்துக்கிடலாம்னு நீங்கதான் அனுமதி குடுத்திருக்கீங்க. இந்த மாசம் அஞ்சாந்தேதி கணக்குல பணம் இல்ல. அவங்க கேட்டாங்க, நாங்க திருப்பிட்டோம். அதுக்குத்தான் இந்தச் சார்ஜ்"னுச்சு. இன்னொரு சின்ன பிடித்தமும் இருந்துச்சு, அது ஆப்காரன் கணக்கு வச்சிருக்குறதுக்கு எடுக்குற கட்டணமாம்.

நான் சொன்னேன், "ஏம்மா, எனக்கு ரேசன் கடையத் தவிர எதுலயும் கணக்கு கெடயாது. நான் எங்க போயி அனுமதி குடுத்தேன்?"

"ஒங்க ஆதார் நம்பரு, ஒங்க மொகம், ஒங்க போனுக்கு வந்த ஓடிபி எல்லாம் இருக்கேம்மா."

அப்பத்தான் எனக்கு மண்டையில உறைச்சது. வட்டத்துக்குள்ள மூஞ்சியக் காட்டுனது, கண்ணச் சிமிட்டுனது, நம்பரு வாசிச்சது. இந்து பக்கத்துல உக்காந்து சிரிச்சது. அவளும் கூட்டு. கவுண்டருக்கு முன்னால கெடந்த நாற்காலியில உக்காந்துட்டேன்.

அந்தப் பொண்ணு தண்ணி குடுத்துச்சு. "பயப்படாதீங்கம்மா, பணம் எங்கயும் போகல. ஒங்க பேருலதான் சேருது. நீங்க கேட்டா ஒங்களுக்குத்தான் வரும்"னுச்சு.

என் பேருலயே போட்டுருக்கான்னா எம்புட்டுத் தைரியம் பாத்தியா. நாளைக்குப் போலீசு கேட்டா, அந்தம்மாவேதான் போட்டாங்கன்னு சொல்லலாம்ல. சத்துணவுல கூட இப்பிடி ஒருத்தன் இருந்தான், அடுத்தவன் பேருல கையெழுத்துப் போட்டு எண்ணெய எடுத்துட்டுப் போவான்.

அந்தப் பொண்ணு இன்னொண்ணும் கேட்டுச்சு. "ஏம்மா, பென்சன் வந்த அன்னைக்கே நீங்க எடுத்துருதீங்க. அப்ப அஞ்சாந்தேதி போறதுக்குப் பணம் எங்கருந்தும்மா வருது?"

"வரவப் பத்தி எங்கிட்டக் கேக்காத தாயி"ன்னு சொல்லிட்டேன். "கவருமெண்டு அப்பப்ப எதாச்சும் போடுவான். ஏன் போட்டன்னு கேட்டா நிறுத்திப்புடுவான். போறதுக்கு மட்டும் வழியச் சொல்லு"ன்னேன். அது ஒரு மாதிரி என்னப் பாத்துச்சு. "நிறுத்திரவாம்மா?"ன்னுச்சு. இப்ப வேண்டாம்னேன். நிறுத்துனா திருடன் உசாராயிருவான். கையுங்களவுமாப் பிடிக்கணும். தலதீவாளிக்கு வரத்தான போறாக.

வந்தாக. தலதீவாளி. நான் எதுலயும் கொற வைக்கல, அதச் சொல்லிருறேன். மாப்பிள்ளைக்கு மோதரம், பட்டுவேட்டி, இந்துக்குச் சேல. காலையில எண்ண தேச்சுக் குளிக்கவச்சு, எல போட்டு, இட்லியும் கறிக்கொழம்பும் வச்சேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தாக. இந்து சரியாச் சாப்பிடல, பெசஞ்சுக்கிட்டே இருந்தா. எங்கிட்ட எதையோ சொல்ல வாயெடுக்குறதும், அவுக மொகத்தப் பாக்குறதும், நிறுத்துறதுமா இருந்தா. எனக்கு அதப் பாக்கப் பாக்க எரிஞ்சுச்சு. என் தலையில மொளகா அரைச்சுட்டுச் சிரிப்பு என்ன வேண்டிக்கெடக்குன்னு.

நேரா கேக்கமுடியுமா? எங்க பக்கம் மாமியா மாப்பிள்ளகிட்ட நின்னு பேசுறதே கெடயாது. எதுனாலும் பொண்ணப் பாத்துச் சொல்லணும், அவுக காதுல விழணும். நானும் பதவிசாத்தான் சொன்னேன். கொழம்பு ஊத்திக்கிட்டே சொன்னேன். "ஏட்டி இந்து, ஒங்க வீட்டுல எதாச்சும் பணமுட இருந்தா வாயத் தொறந்து கேக்கச் சொல்லு. இருட்டுல கொஞ்சங்கொஞ்சமா எடுக்குறதுக்கு, மொத்தமாக் கேட்டு வாங்கிக்கிடலாம். நான் என்ன தரமாட்டேன்னா சொல்லப்போறேன்?"

அம்புட்டுத்தான். திருடன்னு சொன்னேனா? சொல்லல. பேரச் சொன்னேனா? அதுவும் இல்ல. நீயே சொல்லு, இதுல என்ன தப்பு இருக்கு?

மாப்பிள்ள கையில எடுத்த இட்லிய எலையிலயே வச்சாக. "எங்களுக்கு ஒரு முடையும் இல்ல அத்த"ன்னாக. சத்தமே இல்ல. எந்திரிச்சுக் கையக் கழுவுனாக. பாதிச் சாப்பாட்டுல. தலதீவாளியும் அதுவுமா. இந்து என்னப் பாத்தா. "என்னம்மா பேசுற நீ"ன்னா. "ஒனக்கும் தெரியும்ட்டீ"ன்னேன். அவ திரும்பி மாப்பிள்ளயப் பாத்தா. மாப்பிள்ள வேண்டாம்கிற மாதிரி லேசாத் தலைய ஆட்டுனாக. நான் பாத்தேன், என் கண்ணால பாத்தேன். சொல்லிறாதன்னு சைக காட்டுறாக. இதவிட என்ன சாட்சி வேணும்? வெடிகூட வைக்காம மத்தியான பஸ்ஸுக்குப் போயிட்டாக. மோதரத்தச் சாமி படத்துக்கு முன்னால கழட்டி வச்சுட்டுப் போயிட்டாக.

நாலு நாள் கழிச்சுச் சம்பந்திக்காரி போன் போட்டாக. "என்ன மதினி, சேதியச் சொன்னாகளா? பேரன் வரப்போறான்ல ஒங்களுக்கு"ன்னாக. எனக்கு அப்பத்தான் தெரியும். அன்னைக்கு அதச் சொல்லத்தான் வந்திருக்காக ரெண்டு பேரும். அந்தச் சிரிப்பு அதுக்குத்தானாம். எம்மக மாசமா இருக்குற சேதிய நான் அடுத்தவுக வாயால கேட்டேன். சொன்னாக, சொன்னாகன்னு பொய் சொல்லி போன வச்சுட்டு, அன்னைக்குப் பூராம் அடுப்பே பத்தவைக்கல.

அதுக்குப் பெறகு இந்து சரியாப் பேசுறதில்ல. நான் போட்டா எடுப்பா. நல்லாருக்கேன், சாப்பிட்டேன், டாக்டர் நல்லாருக்குன்னாரு, வச்சுருறேன். இம்புட்டுத்தான் பேச்சு. போன மாசம் சொன்னா, "பிரசவத்த இங்கயே பாத்துக்கிடுறேம்மா. அங்க வரல." தலப்பிரசவம் தாய்வீட்டுல இல்லாம எங்க பாப்பாக? பெத்தவ ஒருத்தி உசுரோட இருக்கையில? அவ அப்பிடிச் சொன்னதுல இருந்து எனக்கு ஒண்ணும் ஓடல. தெருவுல யாராச்சும் எப்பக் கூட்டிட்டு வாரன்னு கேட்டா, பனி கொறையட்டும்னு சொல்லி வச்சிருக்கேன்.

பேங்குல அத நிறுத்திட்டேன், அத விடு. தீவாளி முடிஞ்ச மறுநாளே போயி எழுதிக் குடுத்துட்டேன். நிறுத்துனதும் என்ன ஆச்சுன்னு கேளு. பணம் நிக்குது! மாசாமாசம் ஆயிரத்தைநூறு கூடுதலா நிக்குது. ஓட்டைய அடச்சா தொட்டியில தண்ணி ஏறத்தானே செய்யும். அந்தப் பணத்துலதான் இந்துக்கு இந்தப் பட்டு எடுத்தேன். பைக்குள்ள வளையலுக்கு மேல இருக்கு பாரு, அரக்குக் கலரு. களவு போகாம இருந்தா முந்தியே இன்னும் நல்லதா எடுத்திருப்பேன்.

இப்ப நான் என்ன முடிவு பண்ணியிருக்கேன்னா, மன்னிச்சு விட்டுறப் போறேன். ஆமா. நான்தான பெரியவ. பேங்குல இருந்து எல்லாத்தையும் பேப்பருல அடிச்சு வாங்கிட்டு வந்திருக்கேன். நாளைக்கு வளகாப்பு முடிஞ்சதும் இந்துவ முன்னால வச்சு, "இந்தா பாரு, போனது பூராம் இதுல இருக்கு. ஒத்துக்கிடச் சொல்லு, நான் எல்லாத்தையும் மறந்துருறேன். ஒன்னக் கூட்டிட்டுப் போறேன்"னு சொல்லப்போறேன். ஆதாரத்தோட சொன்னா மறுக்கமுடியாதுல்ல? ஒத்துக்கிட்டா முடிஞ்சு போச்சு. பத்து பேருக்கு முன்னால வச்சுச் சொல்லலாமா, தனியாச் சொல்லலாமான்னுதான் யோசன.

நீ வேணா பாரு. கயத்தாறு வரைக்கும் என்ன சோலி நமக்கு. இந்தா. பென்சிலால வட்டம் போட்டிருக்கேன் பாரு, ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரு. அதுதான் போன பணம். அந்தச் சின்னது ஆப்காரன் கட்டணம். அக்டோபருல வட்டத்துக்கு மேல வட்டம் போட்டிருக்கேன்ல, அது அபராதம். இதக் காட்டுனா ஒத்துக்கிடுவாகதான?

என்ன? எதப் பாக்கச் சொல்லுற?

அது வரவு தாயி. வரவ விடு. அது லாரில வாரது மாதிரி. நம்ம பாக்க வேண்டியது இந்தப் பக்கம்.

பேரா? அதுல பேரு போட்டிருக்கா?

நல்லா வாசி. என் கண்ணாடி பைக்கு அடியில கெடக்கு. இங்கிலீசுல இருந்தா நீயே வாசி. எழுத்துக் கூட்டி வாசி.

கோமதிநாயகமா? ஊருல ஆயிரம் கோமதிநாயகம் இருப்பான். சங்கரங்கோயில் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன். எம்புட்டு போட்டிருக்கு?

ஆயிரத்தைநூறா.

எத்தனாந்தேதி? மூணா. ஜூலை மூணாந்தேதி வந்து, அஞ்சாந்தேதி போயிருக்கு. அடுத்த மாசம்? அதுவும் மூணு. அதுக்கடுத்த மாசமும். இரு, இரு. அக்டோபருல வரலைல்ல? அக்டோபருல எனக்கு அபராதம் போட்டானே. வந்திருக்கா? எட்டாந்தேதி. பிந்தி வந்திருக்கு. அதுக்குள்ள அஞ்சாந்தேதி அவன் கேட்டுருக்கான், பணம் இல்ல.

அக்டோபருலதான் அவளுக்கு மொதமொத டாக்டருகிட்டக் காட்டுனது. ஸ்கேன் எடுத்திருப்பாக. கையில இருந்தது அதுக்குப் போயிருக்கும். அதான் பிந்தியிருக்கு.

அப்ப அவுக என் பணத்த எடுக்கல. அவுக பணத்த எங்கணக்குல போட்டு, அத அப்பிடியே எம்பேருல சேக்கவச்சிருக்காக. நான் பாத்துறக்கூடாதுன்னு ரெண்டே நாளையில எடுக்கவச்சிருக்காக. கையில குடுத்தா வாங்கமாட்டேன்ல. பையிலயே திருப்பிப் போட்டேன்ல. வரவ நான் பாக்கமாட்டேன்னு இந்துதான் சொல்லியிருப்பா. அவளுக்குத்தான் தெரியும். செலவ மட்டும்தான் பாப்பான்னு சொல்லியிருப்பா. செலவயும் பாக்கமாட்டான்னு நெனச்சுட்டாக.

தீவாளிக்கு அப்புறம் பாரு தாயி. நவம்பரப் பாரு. மூணாந்தேதி. நவம்பருல இருக்காது. தீவாளிக்குத்தான் நான் அப்பிடிச் சொன்னேன்.

இருக்கா?

நல்லாப் பாத்துச் சொல்லு. அந்த வரியில வெரல வை.

டிசம்பரு? சனவரி?

சோத்துல கைய வச்ச மனுசன எந்திரிக்க வச்சேன். மோதரத்தக் கழட்டி வச்சுட்டுப் போனாக. போயி, அடுத்த மூணாந்தேதி பணம் போட்டிருக்காக. அதுக்கடுத்த மூணாந்தேதியும். இந்த மாசமும். நான் எடுக்கவேண்டாம்னு நிறுத்திட்டேன்ல, அதான் நின்னிருக்கு. தொட்டியில தண்ணி ஏறுதுன்னு நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்.

அப்ப இந்தப் பட்டு.

அவுக காசுல எடுத்து, அவுக பொண்டாட்டிக்கே நான் சீருன்னு கொண்டு போறேன்.

ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்காச்சும், எல முன்னால உக்காந்து, இப்பிடி இப்பிடின்னு. ஏன் தலைய ஆட்டி அவ வாய அடைக்கணும்? சொன்னா என்ன செஞ்சிருப்பேன்னு கேக்குறியா. எறிஞ்சிருப்பேன். மூஞ்சியிலதான் எறிஞ்சிருப்பேன். அந்தப் பணத்த எடுத்துட்டு வந்து அந்த எலையிலயே வச்சிருப்பேன். அது அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. திருடன்னு பேரு வாங்குனாலும் பரவால்ல, அது நிக்கக்கூடாதுன்னு இருந்திருக்காக.

நான் அழல. காத்துல தூசி. கொஞ்சம் இந்தச் சன்னல எறக்கிவிடு.

மன்னிப்பா? மாமியா மாப்பிள்ளகிட்ட எப்பிடிக் கேக்குறது. நாங்க நேருக்கு நேரா நிக்கவே மாட்டோம்னு சொன்னேன்ல. பேப்பரக் குடு, நாலா மடிச்சு வச்சுக்கிடுறேன். இல்ல, வேண்டாம், கிழிச்சுப் போட்டுரு. அவுக கண்ணுல பட்டுறக்கூடாது. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா நிறுத்திப்புடுவாக. காசுக்குச் சொல்லல. நிறுத்துனா அவுக என்ன விட்டுட்டாகன்னு ஆயிரும்.

எங்க வந்திருக்கோம்? தாழையூத்தா? அப்ப இன்னும் கொஞ்சந்தான்.

நான் என்ன செய்யப்போறேன்னு கேக்குறியா. அவ சாத்தூருக்கு வரவேண்டாம். நான் கூப்பிடப்போறதில்ல. வாரேன்னு சொல்லத் தெம்பு இருக்கணும்ல அவளுக்கு, நான் பேசுன பேச்சுக்கு. நான் இங்கயே இருந்துருறேன். பிரசவம் முடிஞ்சு, பிள்ளைக்குப் பேரு வைக்கிற வரைக்கும் இருந்து பாத்துக்கிடுறேன். ஊருல என்னமும் சொல்லிட்டுப் போறாங்க. மக வீட்டுல போயி உக்காந்து திங்கிறா சீனியம்மான்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். ஜூலையில இருந்து நான் திங்காததையா திங்கப்போறேன்.

நேரா சொல்லமாட்டேன். இந்துகிட்டத்தான் சொல்லுவேன். அவுக உள்ளறையில இருக்கும்போது, காதுல விழுற மாதிரிச் சொல்லுவேன். "ஏட்டி இந்து, இன்னைக்கு மத்தியானத்துக்கு எனக்கும் சேத்து ஒல வைக்கச் சொல்லு"ன்னு. அவுகளுக்குப் புரியும். அதிர்ந்து பேசாத ஆளு, ஆனா எல்லாம் புரியும்.

பஸ்ஸ்டாண்டு வந்துருச்சு. அந்த வளையல் பைய மெதுவா எறக்கு, நான் வாங்கிக்கிடுறேன். நீ நல்லாரு தாயி.

இரு, ஒண்ணு. இந்த மஞ்சப்பையில ஒரு தூக்குச்சட்டி இருக்கு, புளிச்சோறும் தொவையலும். அவுக வீட்டுல சாப்பிடவேண்டியதிருக்கக்கூடாதுன்னு, மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் சேத்து நான் கட்டிக்கிட்டு வந்தது. நீ கொண்டு போ. சட்டியத் திருப்பித் தரவேண்டாம். புளி கொஞ்சம் தூக்கலா இருக்கும், பாத்துச் சாப்பிடு.